இன்னாசித்தம்பியின் ஆடுகள்

இன்னாசித்தம்பி தன் அறுபது வயதுக்குள் ஒரு ஆட்டைக்கூட மேய்த்தது கிடையாது. இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். பின்னால் வேறு கதை வரும், அதை யாரும் நம்பிவிடக்கூடாது. மன்னாரில் பேசாலைக் கரையில் பிறந்தவர் அவர். தகப்பனும் தமையன்மாரும் கடலுக்குப் போனவர்கள். ஆட்டை அவர் கிட்டத்தில் கண்டதெல்லாம் பாஸ்குத் திருநாளன்று கறிச்சட்டிக்குள்தான்.

அவருடைய வேலை சுவிஸில், பாடன் நகரத்தில், லிம்மாற் ஆற்றங்கரைப் பட்டறை ஒன்றில். பான்குழல் செய்கிற பட்டறை. பான்குழல் என்றால் நம் புல்லாங்குழல்போல ஒரு தண்டில் பல துளை போட்டதல்ல. பல குழல்களை வரிசையாக அடுக்கிச் சேர்த்தது. அடி மூடியிருக்கும். ஒரு குழலுக்கு ஒரு சுரம்தான். விரலுக்கு வேலையே இல்லை, உதட்டை அங்குமிங்கும் நகர்த்தி ஊத வேண்டும். சுவிஸ்காரருக்கு இதில் ஒரு பைத்தியம் உண்டு. பள்ளிப் பிள்ளைகள் முதல் பென்சன் எடுத்த மனிசிமார் வரை கூட்டம் கூட்டமாகச் சேர்ந்து ஊதுவார்கள்.

செய்தவுடன் எந்தக் குழலும் ஒழுங்காகப் பாடாது. உள்ளே தேன்மெழுகை உருட்டிப் போட்டு, குச்சியால் அமத்தி, ஊதிப் பார்க்க வேண்டும். சுரம் ஏறிவிட்டால் சுரண்டி எடுக்க வேண்டும், இறங்கிவிட்டால் இன்னொரு துளி போட வேண்டும். முப்பத்துமூன்று வருசமாக அந்தப் பட்டறையில் அதைச் செய்தவர் இன்னாசித்தம்பி. ஒரு பாட்டு ஊதச் சொன்னால் ஊதத் தெரியாது. ஒரு சுரம் ஊதி, தலையைச் சரித்துக் கேட்டு, அடுத்த சுரத்துக்குப் போவார், அவ்வளவுதான். குழலின் முதுகில் பட்டறையின் பெயர் மட்டும் சுட்டிருக்கும். சுரம் சேர்த்தவனின் பெயர் எங்கேயும் இராது. அது அவருக்கு ஒருநாளும் குறையாகப் பட்டதில்லை. தனக்கென்று அவர் வைத்திருந்தது ஒரு கதை மட்டும்தான்.

அந்தக் கதை இதுதான். எண்பத்தெட்டாம் ஆண்டு அகதியாக வந்த இருபத்துநாலு வயதுப் பொடியனை எங்கடின் பள்ளத்தாக்கில் ஒரு பெரிய ஹோட்டலுக்குக் கோப்பை கழுவ அனுப்பினார்கள். ஊரில் சட்டி பானை வாங்கும்போது விரல்கணுவால் சுண்டிப் பார்ப்பது நம்மவர் எல்லோருக்கும் உள்ள பழக்கம். கணீரென்றால் நல்ல பானை, ‘டொக்’ என்றால் எங்கேயோ கீறல். யாரும் சொல்லாமலே இவர் ஹோட்டல் தட்டுகளையும் அப்படிச் சுண்டினார். கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்த தட்டு ஒருநாள் சுடச்சுடச் சூப்போடு விருந்தாளியின் மடியில் பிளந்துவிடும் அல்லவா? கீறல் தட்டுகளைத் தனியே அடுக்கினார். தலைமைச் சமையல்காரன், இவனுக்கு விசர் என்று சத்தம் போட்டான்.

குசினிக் கதவுக்கு அருகே சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு விருந்தாளி மூன்று நாளாக அந்தச் சுண்டலைக் கேட்டுவிட்டு, நாலாம் நாள் எழுந்து உள்ளே வந்தார். ஹெர் ஹூபர், பாடன் பட்டறையின் முதலாளி. பையிலிருந்து இரண்டு குழலை எடுத்து ஒவ்வொன்றாக ஊதிக் காட்டி, எது ஏற்றம் என்று கையால் கேட்டார். கேட்டவருக்குத் தமிழ் தெரியாது, கேட்கப்பட்டவருக்கு ஜெர்மன் தெரியாது. இன்னாசித்தம்பி இரண்டாவதைத் தொட்டுக் காட்டிவிட்டு, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் ஒரு அரிசியளவு இடைவெளி வைத்துக் காட்டினார். இவ்வளவுதான் ஏற்றம் என்று. ஹூபர் அப்படியே கழுவும் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாராம். அகதியை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது அந்நாளில் லேசான காரியம் இல்லை. பத்து மாதம் அரசாங்கக் கந்தோர் கந்தோராகக் கடிதம் எழுதி அந்த மனிதர் இவரைக் கூட்டிக்கொண்டு போனார்.

ஹூபர் இறந்து இரண்டு வருசம். நடந்ததைக் கண்டு சொல்ல இப்போது வேறு யாரும் இல்லை.

இன்னாசித்தம்பிக்கும் றஞ்சினிக்கும் ஒரே மகள் நதாலி. பட்டறையில் கழித்துவிட்ட குழல்களை ஊதி விளையாடிய பிள்ளை, சூரிச்சில் இசை படித்துப் பான்குழல் கலைஞராகவே ஆகிவிட்டாள். அவளுக்குப் பிடித்தது பழைய கிரேக்கக் குழல், சிரிங்ஸ். வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அவளுக்கு வேறு பேச்சே கிடையாது. இப்போதைய பான்குழல் படிக்கட்டுபோல நெட்டையும் குட்டையுமாக நிற்கும். பழைய கிரேக்கருடைய சிரிங்ஸ் அப்படியில்லை, எல்லா நாணலும் ஒரே நீளம், வெட்டிவைத்த பலகைபோல. சுர வேறுபாடு முழுக்க உள்ளே ஊற்றும் மெழுகில்தான். உரோமர் காலத்தில் ஒரே மரத்துண்டில் துளைத்துச் செய்த குழல் ஒன்று இதே நாட்டில், துர்காவ் பக்கத்து ஈரமண்ணுக்குள்ளிருந்து கிடைத்திருக்கிறது. கிரேக்க அறிஞர் ஒருவர், நகரத்துக்கு யாழ் போதும், இந்தக் குழல் வயல்வெளியில் இடையரிடமே இருக்கட்டும் என்று எழுதினாராம்.

பிறகு அந்தப் புராணம். ஆட்டுக்கால் கொண்ட பான் என்ற தெய்வம் சிரிங்ஸ் என்ற பெண்ணைத் துரத்துகிறது. அவள் ஆற்றங்கரையில் நாணலாக மாறி ஒளிந்துகொள்கிறாள். பான் அந்த நாணலை வெட்டி, மெழுகால் ஒட்டி, ஊதுகிறது.

“ஒளிச்ச பெட்டையையும் வெட்டி ஊதினவன் ஒரு கடவுளோ?” என்று கேட்டார் இன்னாசித்தம்பி.

“அவள் பாடுறாள்தானே அப்பா,” என்றாள் நதாலி.

“அவளிட்டக் கேட்டவனோ?”

நதாலி சிரித்தாள். போன மாரியில் அவளுக்கு ஒரு பெரிய வாய்ப்பு வந்தது. ஒரு கலை அறக்கட்டளையின் ஆதரவில் ஆறு இடங்களில் சிரிங்ஸ் கச்சேரி. முதல் இடம் எங்கடினில், அதே ஹோட்டலின் பெரிய மண்டபம். “அப்பா, நீங்கள்தான் எனக்குக் குழல் செய்து தரவேணும்,” என்றாள். இன்னாசித்தம்பி கூலியாக ஒன்றைத்தான் கேட்டார்.

“அந்த மண்டபத்தில நிண்டு அந்தத் தட்டுக் கதையைச் சொல்லு பிள்ளை. ஹூபர் ஐயாவின்ர பேரையும் சொல்லிவிடு. அது போதும் எனக்கு.”

“ஓம் அப்பா, கட்டாயம் சொல்லுவன்,” என்றாள். தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னாள்.

மூன்று மாதம் அவர் வேறொன்றையும் நினைக்கவில்லை. பட்டறை முடிந்து வந்ததும் வீட்டுக் குசினியில் ஏழு நாணலோடு இருந்துவிடுவார். ஒரே நீளத்தில் ஏழு நாணலை வெட்டி ஏழு சுரத்தை மெழுகால் மட்டும் கொண்டுவருவது சாமான்யமில்லை. உச்சச் சுரக் குழலில் பாதிக்கு மேல் மெழுகுதான், ஒரேயடியாக ஊற்றினால் ஆறும்போது சுருங்கிவிடும். துளித்துளியாக ஊற்றி, ஆறவிட்டு, மறுபடி ஊற்றினார். றஞ்சினி மடுமாதா சுருபத்துக்குப் பின்னாலிருந்து ஒரு மெழுகுதிரித் துண்டை எடுத்துக்கொண்டு வந்தாள். மாசி இரண்டாம் திகதி கோயிலில் மந்திரித்த திரி.

“இஞ்சருங்கோ, இதில ஒரு துண்டு போடட்டோ? பிள்ளைக்கு நல்லது.”

“போடாதை றஞ்சி. அது தேன்மெழுகு இல்லை, கடை மெழுகு. சூட்டுக்கு இளகும்.”

“மந்திரிச்சது இளகுமோ?” என்று முணுமுணுத்துக்கொண்டு அவள் அப்பால் போனாள்.

குழல் முடிந்தது. கச்சேரி ஆனி மாதத்தில். நதாலி இரண்டு நாள் முன்னதாகப் போய்விட்டாள். பெற்றோர் கூர் நகரத்தில் இறங்கிச் சிவப்பு மலை ரயிலில் ஏறினார்கள். றஞ்சினி பட்டுச்சேலையில், இன்னாசித்தம்பி மகள் வாங்கிக் கொடுத்த கோட்டில். கோட்டுப் பையில் வழக்கம்போல மெழுகு உருண்டைகள் இருந்த சின்னத் தகரடப்பாவும் அமத்துகிற குச்சியும் சுரண்டுகிற கம்பியும் இருந்தன. ரயிலில் அவர் அந்தக் கதையை ஜெர்மனில் மனசுக்குள் சொல்லிப் பார்த்தார், ஒருவேளை மகள் எழும்பச் சொல்லி இரண்டு வார்த்தை பேசச் சொன்னால் என்று. அந்த ஹோட்டலுக்குள் முன்வாசலால் அவர் நுழைந்தது அன்றுதான் முதல் தடவை. கதவு திறந்துவிட்டவனுக்கு மூன்றுதரம் நன்றி சொன்னார்.

மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் இருத்தினார்கள். நதாலி மேடைக்கு வந்து சிரிங்ஸின் வரலாறு சொன்னாள், பானின் கதை சொன்னாள், இடையரின் வாத்தியம் என்று சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “இந்தக் குழல் எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை, என் அப்பாவிடமிருந்து வந்தது,” என்றாள். இன்னாசித்தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தார். றஞ்சினி அவர் முழங்கையைப் பிடித்தாள்.

“என் அப்பா இலங்கையில் ஆட்டிடையராக இருந்தவர். நாணலை வெட்டித் தன் ஆடுகளுக்கு ஊதியவர். கிரேக்க இடையர் இரண்டாயிரம் வருசத்துக்கு முன் செய்ததைத்தான் அவரும் செய்தார், யாரிடமும் படிக்காமலே.”

முதலில் அவர், வேறு யாரையோ சொல்கிறாள் என்றுதான் நினைத்தார். மண்டபம் திரும்பி அவரைப் பார்த்தபோதுதான் விளங்கியது. தட்டும் இல்லை, ஹூபரும் இல்லை. முப்பத்துமூன்று வருசப் பட்டறையும் இல்லை. அவர் காது கூட இல்லை. சொந்தப் பிள்ளை, சபை நடுவில், அவரை அழித்துவிட்டு அந்த இடத்தில் வேறொருவனை எழுதிக்கொண்டிருந்தது. வேலியே பயிரை மேய்ந்தது என்று சொல்வார்களே, அவருக்கு அது அன்றுதான் விளங்கியது.

“அப்பா, மேடைக்கு வாங்கோ,” என்று தமிழில் கூப்பிட்டாள் நதாலி. சபையைப் பார்த்து, “ஆடுகளைக் கூப்பிட்ட அந்த ஊதலை அப்பா ஒருதரம் ஊதிக் காட்டுவார்,” என்றாள்.

கைதட்டு அவரைத் தள்ளிக்கொண்டுபோய் மேடையில் விட்டது. குழல் கைக்கு வந்தது. ஊதத் தெரியாத மனிதர் தனக்குத் தெரிந்ததைச் செய்தார். முதல் குழலில் ஒரு ஊது. தலையைச் சரித்துக் கேட்டார். சரி. இரண்டாவது, சரி. மூன்று, நாலு, ஐந்து, ஆறு, எல்லாம் சரி. ஏழாவது குழல் இறங்கியிருந்தது. அரிசியளவு இல்லை, ஒரு விரல்கடை அளவு. குச்சியை உள்ளே விட்டுப் பார்த்தார். மெழுகு வெண்ணெய்போல இளகிக் கிடந்தது. மேடை விளக்கின் சூடு. தேன்மெழுகு இந்தச் சூட்டுக்கு அசையாது. அவர் நிமிர்ந்து முன்வரிசையைப் பார்த்தார். றஞ்சினி தலையைக் குனிந்துகொண்டாள்.

அவர் இல்லாத நேரத்தில் மந்திரித்த திரி உள்ளே போயிருக்கிறது.

இங்கேதான் ஒன்று சொல்ல வேண்டும். அவர் அந்தக் குழலை அப்படியே மகளிடம் நீட்டியிருக்கலாம். அவளுக்கும் காது உண்டு, ஆனால் மெழுகு வேலை தெரியாது. அடுத்த ஒரு மணி நேரமும் ஏழாவது சுரம் வருமிடத்தில் எல்லாம் அவள் மானம் போயிருக்கும். அந்த எண்ணம் அவருக்கு வந்தது. வரவில்லை என்று சொன்னால் அவர் மனிதரே இல்லை. நல்லாப் படட்டும் என்றுகூட ஒரு கணம் நினைத்தார்.

பிறகு தகரடப்பாவைத் திறந்தார். இளகிய மெழுகைக் கம்பியால் சுரண்டி எடுத்துக் கைலேஞ்சியில் துடைத்தார். பட்டறைத் தேன்மெழுகை விரல் சூட்டில் உருட்டி உள்ளே போட்டு அமத்தினார். ஊதினார். இன்னும் ஒரு உருண்டை. ஊதினார். கொஞ்சம் ஏறிவிட்டது, ஒரு கீறு சுரண்டினார். ஊதினார். சரி. நாலு நிமிடம் ஆகியிருக்கும். மண்டபத்தில் மூச்சுச் சத்தம் கேட்கவில்லை. குழலை மகளிடம் கொடுத்தபோது சபை எழும்பி நின்று தட்டியது. ஆட்டைக் கூப்பிடும் பழைய சடங்கைப் பார்த்துவிட்டோம் என்று அவர்களுக்கு நினைப்பு.

நதாலி நன்றாக ஊதினாள். கிரேக்கருடைய மெட்டுகள் கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கின்றன. அவற்றையும், அந்தச் சாயலில் தானே கட்டியவற்றையும் ஊதினாள். ஏழாவது சுரம் வரும்போதெல்லாம் பளிச்சென்று நின்றது. இன்னாசித்தம்பிக்குக் கண் கலங்கியது, அது பெருமையா ஆத்திரமா என்று அவருக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை. பக்கத்தில் றஞ்சினி, “நேர்த்தி வைச்சுத்தான் போட்டனான், கோவிக்காதேங்கோ,” என்று காதுக்குள் சொன்னாள். அவருக்கு அவள்மீது கோபமே வரவில்லை. றஞ்சினி போட்ட மெழுகைச் சுரண்டி எடுத்தாயிற்று. மகள் சொன்ன சொல்லை எந்தக் கம்பியால் சுரண்டுவது?

கச்சேரி முடிந்து, மேடைக்குப் பின்னால் உள்ள சின்ன அறையில் நதாலி ஓடிவந்து கட்டிப்பிடித்தாள். “காப்பாத்திப் போட்டியள் அப்பா!”

“நான் எப்ப பிள்ளை ஆடு மேய்ச்சனான்?”

அவள் கை தளர்ந்தது. “அறக்கட்டளை விண்ணப்பத்தில, இந்த வாத்தியத்துக்கும் உங்களுக்கும் என்ன தொடர்பு எண்டு ஒரு கேள்வி இருந்தது அப்பா. நூறு பேர் கேட்டிருந்தவை. இடையரின்ர வாத்தியம்தானே, நான் எழுதினன் அப்பா ஆடு மேய்ச்சவர் எண்டு. அதைப் பாத்துத்தான் எனக்கு ஓம் எண்டவை.”

“தட்டுக் கதையை எழுதியிருக்கலாமே.”

“கோப்பை கழுவின கதையோ?” அவள் கொஞ்சம் எரிச்சலாகவே கேட்டாள். “அது சுவிஸ்ல இருக்கிற எல்லாத் தமிழ் அப்பாமாரிட்டையும் இருக்கு. ஆர் அப்பா கேக்கப்போயினம்?”

“எல்லாரிட்டையும் ஹூபர் ஐயா வந்தவரோ?”

நதாலி குழலைத் துணியால் துடைக்கத் தொடங்கினாள்.

“சொல்லுவன் எண்டு என்ர கையைப் பிடிச்சுச் சொன்னனி.”

“அதுக்கு முதலே எழுதி அனுப்பிட்டன், அப்பா.” குரல் சின்னதாகிவிட்டது. “உங்களுக்குச் சொல்லுவமெண்டு இருந்தன். நீங்கள் ஆசையா இருந்து மெழுகு ஊத்திறதைப் பாக்க, வாய் வரேல்லை. ஒரு ஆடுதானே அப்பா, ஆருக்கு என்ன நட்டம்?”

அதாவது, அந்த மூன்று மாதமும், அவர் குசினியில் குனிந்திருந்த ஒவ்வொரு பின்னேரமும், தேத்தண்ணி கொண்டுவந்து பக்கத்தில் இருந்த பிள்ளைக்கு எல்லாம் தெரிந்திருந்தது. இன்னாசித்தம்பி வெளியே வந்தார். நடைபாதையில் ஒரு முதிய சீமாட்டி வழிமறித்து, ஆடுகளுக்குப் பெயர் வைத்திருந்தீர்களா என்று அன்பாகக் கேட்டாள். தலையை மட்டும் ஆட்டிவிட்டு நடந்தார். கால் தனக்குத் தெரிந்த வழியில் போனது. இடப்பக்கம், மூன்று படி கீழே, இரண்டு பக்கமும் ஆடுகிற கதவு. குசினி.

உள்ளே எல்லாம் மாறியிருந்தது, பெரிய கழுவும் இயந்திரம் வந்திருந்தது. ஆனால் மூலையில் அந்தக் கல்தொட்டி அப்படியே இருந்தது. இயந்திரத்திலிருந்து ஆவியோடு வந்த தட்டுகளை ஒருவர் அடுக்கிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும், நம்முடைய ஆள். இன்னாசித்தம்பி யாரையும் கேட்காமல் ஒரு தட்டை எடுத்துச் சுண்டினார். கணீர். அடுத்தது, கணீர். மூன்றாவது, டொக். அதைக் கையில் வைத்துக்கொண்டார்.

“அண்ணை!” அந்த மனிதர் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். “நான் சிறீதரன். பன்னிரண்டு வருசமா இஞ்சைதான். நான் கதவடியில நிண்டு எல்லாம் கேட்டனான் அண்ணை. எங்கட ஆள் ஒராளுக்கு அந்த மண்டபம் எழும்பி நிண்டு கை தட்டுது! எனக்குக் கண் கலங்கிட்டுது.”

“தம்பி, நானும் இஞ்சை கோப்பை கழுவினனான். இந்தத் தொட்டியிலதான். மூண்டு வருசம்.”

சிறீதரன் வாய்விட்டுச் சிரித்தார். “பகிடி விடாதேங்கோ அண்ணை. நீங்கள் ஆடு மேய்ச்ச ஆள் எண்டு மகள் அவ்வளவு சனத்துக்கு முன்னால சொன்னவ. பெத்த தகப்பனைப் பற்றி ஒரு பிள்ளை பொய் சொல்லுமோ?”

இன்னாசித்தம்பி வாயைத் திறந்தார். அப்போது சிறீதரனின் தோளுக்கு மேலால், பாதி திறந்த கதவில் நதாலி நிற்பது தெரிந்தது. அவரைத் தேடி வந்திருக்கிறாள். குழல் கையில் இருந்தது. முகம் வெளுத்திருந்தது. ஏழெட்டு வயதில் பட்டறையில் ஒரு குழலை விழுத்தி உடைத்துவிட்டு, அப்பா ஹூபர் ஐயாவிடம் என்ன சொல்லப்போகிறார் என்று இதே முகத்தோடு நின்றவள். அன்றைக்கு, நான்தான் உடைத்தேன் என்று சொன்னவர் இன்னாசித்தம்பி.

“எத்தினை ஆடு அண்ணை வைச்சிருந்தனீங்கள்?” என்று ஆவலாகக் கேட்டார் சிறீதரன்.

“நாப்பது,” என்றார் இன்னாசித்தம்பி. கையிலிருந்த கீறல் தட்டை நல்ல தட்டுகளோடு சேர்த்து அடுக்கி வைத்தார்.